ஐதர் காலத்து வண்டியும் அமெரிக்காக்காரன் சண்டையும்

"சார், இது ஐதர் காலத்து வண்டி. இதை நம்பியா மலை ஏற வந்தீங்க?"

பரமனந்தல்ல ஒரு மெக்கானிக் என்னைக் கேட்ட கேள்வி இது. அப்பாவோட பழைய பைக்கை எடுத்துக்கிட்டு நானும் நண்பனும் செங்கம் வழியா ஜவ்வாது மலைக்குக் கிளம்பியிருந்தோம். ஏத்தம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே வண்டி இருமி, மூச்சு வாங்கி, நின்னு போச்சு. உருட்டிக்கிட்டே கீழே வந்தா, ஷெட்டுக்காரர் ஒரு பார்வை பார்த்துட்டு சொன்ன முதல் வார்த்தையே அதுதான். நண்பன் விழுந்து விழுந்து சிரிச்சான். மனுஷன் ப்ளக்கைக் கழட்டி சுத்தம் பண்ணி, கார்புரேட்டரை ஊதி, ஒரு மணி நேரத்துல வண்டியைக் கிளப்பிக் கொடுத்துட்டார். நல்லா இருக்கட்டும்.

மறுபடி மலை ஏறும்போதுதான் எனக்கு உறைச்சுது. ஐதர் காலம், ஐதர் காலம்னு ஊரெல்லாம் சொல்றோம். பழைய சைக்கிள், பழைய மிக்சி, பழைய ஜோக் எல்லாமே நமக்கு ஐதர் காலத்துச் சமாச்சாரம். ஆனா அந்த ஐதர் அலி பெரும்படையோட தமிழ்நாட்டுக்குள்ள இறங்கி வந்த கணவாய், அந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு. செங்கம் கணவாய். மேலே ஒரு வளைவுல வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தா, அந்தப் பக்கத்துச் சமவெளி முழுக்க விரிச்ச பாய் மாதிரி கிடக்கு.

மலை மேல ஒரு டீக்கடையில இதை நண்பனுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல சாமை மூட்டையோட பஸ்ஸுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தார். கடைசியில கேட்டார்:

"எதுக்கு தம்பி அந்தச் சண்டை?"

"அமெரிக்காவுல ஆரம்பிச்சதுங்க தாத்தா" என்றேன், கொஞ்சம் மேதாவித்தனமா.

"அமெரிக்காவுல சண்டைன்னா செங்கத்துல எதுக்கு அடிச்சிக்கிட்டாங்க?"

பதில் சொல்ல ஆரம்பிக்கறதுக்குள்ள பஸ் வந்துடுச்சு. மூட்டையைத் தூக்கி விட்டேன். படியில ஏறிக்கிட்டே இன்னொரு கேள்வியும் போட்டார்: "கடைசில யாரு ஜெயிச்சா?"

பஸ் போயிடுச்சு. அவருக்குச் சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே உங்க தலையில கட்டறேன் :-)

மலையைச் சுத்திச் சண்டை

முதல்ல ஒரு சின்ன ஊர்சுத்தல். ஜவ்வாது மலைக்கு வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு. அதுல வாணியம்பாடி, ஆம்பூர். மேற்கே திருப்பத்தூர். கிழக்கே போளூர், கொஞ்சம் தள்ளி ஆரணி. தெற்கே செங்கம். செங்கத்துக்கு அந்தப் பக்கம் கல்வராயன் பக்கத்து மலைகள். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துதான் கணவாய். மைசூர்ப் பீடபூமியில இருந்து கிழக்குச் சமவெளிக்கு இறங்க இருந்த முக்கியமான வாசல்கள்ல ஒண்ணு. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலைன்னு போற ரோடு அதுதான். பெங்களூர்ல பொட்டி தட்டிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுற மக்களே, நீங்க தூங்கிக்கிட்டே தாண்டுறது ஐதர் அலி வந்த பாதை!

இப்ப இந்த வட்டத்துல நடந்த சண்டைகளை எண்ணிப் பாருங்க. 1749 ஆகஸ்டுல ஆம்பூர்: ஆற்காட்டு நவாப் அன்வருதீன் அங்கேதான் கொல்லப்பட்டார், எதிர்ப் பக்கத்துல சந்தா சாகிபுக்குத் துணையா பிரெஞ்சுப் படை. 1751 டிசம்பர்ல ஆரணி: ராபர்ட் கிளைவ் ஜெயிச்சது. 1767 செப்டம்பர்ல செங்கம்: ஐதர், நிஜாம் கூட்டுப்படைக்கும் கர்னல் ஜோசப் ஸ்மித்துக்கும். அதே மாசம் திருவண்ணாமலை. அதே வருஷம் நவம்பர், டிசம்பர்ல ஆம்பூர்க் கோட்டை முற்றுகை. அப்புறம் 1782 ஜூன்ல மறுபடியும் ஆரணி. 33 வருஷத்துல மலையைச் சுத்தி ஒரு பிரதட்சணமே முடிஞ்சிருக்கு.

இன்னொரு விஷயம். 1780-ல இந்த மலையே ஏறக்குறைய ஒரு எல்லைக்கோடு. மேற்கு அடிவாரத்துல இருந்த திருப்பத்தூர், வாணியம்பாடி எல்லாம் பாராமகால் பகுதி, ஐதர் கையில இருந்தது. கிழக்கு அடிவாரம் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா சீமை. நவாபுக்குக் காவல் ஆங்கிலேயக் கம்பெனி. மலை மேல இருந்த ஜனங்க எந்தப் பக்கம் சந்தைக்கு இறங்கினாலும் வேற ராஜா, வேற வரி.

அமெரிக்காவுல தும்மினா செங்கத்துல ஜலதோஷம்

சரி, மேட்டருக்கு வருவோம். பெரியவர் கேட்ட முதல் கேள்வி.

1775-ல அமெரிக்கக் குடியேற்றக்காரங்க இங்கிலாந்துக்கு எதிரா துப்பாக்கி எடுத்தாங்க. 1776-ல சுதந்திரப் பிரகடனம். இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சதுதான். 1778 பிப்ரவரியில பிரான்ஸ் அமெரிக்காவோட ஒப்பந்தம் போட்டுது. அடுத்து ஸ்பெயின், 1780 கடைசியில டச்சுக்காரங்கன்னு ஒவ்வொருத்தரா இங்கிலாந்தோட மோத வேண்டியதாச்சு. அமெரிக்காவோட விடுதலைப் போர் அப்படித்தான் உலகச் சண்டையா மாறினது.

பிரான்சோட சண்டைன்னு ஆனதும் இங்கே இருந்த கம்பெனிக்காரங்க சும்மா இருப்பாங்களா? 1778 ஆகஸ்டுல ஹெக்டர் மன்றோ தலைமையில பாண்டிச்சேரியை முற்றுகை போட்டாங்க. அக்டோபர்ல அது விழுந்தது. அடுத்த குறி மலபார்க் கரையில இருந்த பிரெஞ்சு ஊர் மாஹி. தக்கணூண்டு ஊரு. ஆனா ஐதருக்கு பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்து ஆயுதமும் வெடிமருந்தும் வந்து இறங்கின வாசல் அது. அதோட மாஹியைச் சுத்தி இருந்த நிலமும் அவர் ஆதிக்கத்துல இருந்தது. தொடாதேன்னு எச்சரிக்கை பண்ணினார். 1779 மார்ச்சுல கம்பெனி அதையும் பிடிச்சுது.

ஐதருக்குக் கோபம் வர இது மட்டும் காரணம் இல்லை. பழைய கணக்கு ஒண்ணு பாக்கி இருந்தது. 1769-ல அவர் குதிரைப்படையோட சென்னை வாசல் வரைக்கும் வந்து, கம்பெனிக்காரங்களை உக்கார வெச்சு ஒரு உடன்படிக்கை எழுதி வாங்கினார். ஒருத்தர் மேல வேத்தாள் படையெடுத்தா இன்னொருத்தர் உதவிக்கு வரணும்ங்கறது அதுல ஒரு ஷரத்து. அடுத்த ரெண்டு வருஷத்துலயே மராட்டியர்கள் மைசூர் மேல பாய்ஞ்சாங்க. ஐதர் ஆள் மேல ஆள் அனுப்பினார். கம்பெனி வரவே இல்லை. எழுதிக் கொடுத்த கையெழுத்துக்கு மதிப்பில்லைன்னா எந்த மனுஷனுக்கும் கோபம் வரத்தானே செய்யும்.

1779-ல சமாதானம் பேச சென்னை கவர்னர் ரம்போல்ட் ஒருத்தரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். யாரு தெரியுமா? நம்ம தஞ்சாவூர் ஸ்வார்ட்ஸ் பாதிரியார். தமிழ் நல்லாத் தெரிஞ்ச ஜெர்மன்காரர். ஐதர் அவரை மரியாதையா நடத்தி, பேசி, திருப்பி அனுப்பினார். மனசை மட்டும் மாத்திக்கலை. கொஞ்ச நாள்ல மராட்டியர், நிஜாம், ஐதர் மூணு பேரும் கம்பெனிக்கு எதிரா கைகோத்துட்டாங்க. சென்னையில கவுன்சில்காரங்க நவாபுக்கு வட்டிக்கு விட்ட பணத்தை வசூல் பண்றதுலயே மும்முரமா இருந்தாங்க. ஐதர் படை திரட்டறார்ங்கற சேதி வந்தும் பெருசா எடுத்துக்கலை.

கணவாய் வழியா

1780 ஜூலை. ஐதர் இறங்கிட்டார்.

80,000 பேருக்கு மேல, நூறு பீரங்கின்னு அன்னைக்குக் கணக்கு சொன்னாங்க. பீரங்கி இழுக்கற மாடு, அரிசி சுமக்கிற மாடு, மாட்டுக்காரங்க, வண்டிக்காரங்க, கடை போடறவங்க எல்லாம் அதுல சேர்த்தி கிடையாது. செங்கம் கணவாய்ல அந்தக் கூட்டம் வந்து முடியறதுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஜவ்வாது மலையில பிறந்து செங்கம் வழியா ஓடற செய்யாறுதான் எல்லாத்துக்கும் தண்ணி காட்டியிருக்கணும்.

இந்தக் காட்சி லண்டன் பார்லிமெண்டு வரைக்கும் போயிருக்கு. 1785 பிப்ரவரியில எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாப் கடன்களைப் பத்தி ஒரு பெரிய பிரசங்கம் பண்ணினார். அதுல ஐதர் வந்ததை, மலைச்சரிவுல தங்கி நின்னு திடீர்னு கீழே கொட்டித் தீர்த்த கருமேகத்தோட ஒப்பிட்டார். இங்கிலீஷ் இலக்கியம் படிச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மலைன்னு அவர் பொதுவாத்தான் சொன்னார். ஆனா ஐதர் வந்தது செங்கம் கணவாய்ங்கறதால, அந்தச் சரிவு நம்ம ஜவ்வாதுச் சரிவுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். ஆட்சேபம் இருந்தா பின்னூட்டத்துல சண்டைக்கு வாங்க.

ஒரு பிரிவு போய் பரங்கிப்பேட்டையைக் கொள்ளையடிச்சுது. ஆகஸ்டுல குதிரைக்காரங்க பரங்கிமலைப் பக்கம் வந்துட்டாங்க. சென்னைவாசிகள் கோட்டைக்குள்ள ஓடினாங்க.

புள்ளலூர்

பாண்டிச்சேரியைப் பிடிச்ச அதே ஹெக்டர் மன்றோ சென்னையில இருந்து காஞ்சிபுரத்துக்கு வந்து உக்கார்ந்தார். வடக்கே குண்டூர்ப் பக்கம் இருந்த கர்னல் பெய்லி வந்து சேர்ந்துக்கணும். பெய்லி வழியில கொசஸ்தலை ஆத்தங்கரைக்கு ஆகஸ்டு 25-ஆம் தேதி வந்தார். ஆத்துல அப்ப தண்ணி கம்மி. நாளைக்குத் தாண்டிக்கலாம்னு கூடாரம் போட்டார். ராத்திரி வெள்ளம் வந்துடுச்சு. தாண்டறதுக்கு செப்டம்பர் 3 ஆயிடுச்சு. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடற என்னை மாதிரி ஆட்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேணுமா!

அந்த இடைவெளியில திப்பு வந்து வழி மறிச்சார். காஞ்சியில இருந்து போன துணைப்படையையும் சேர்த்து பெய்லிகிட்ட சுமார் 3,800 பேர். செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல புள்ளலூர்ல ஐதரும் திப்புவும் சேர்ந்து சுத்தி வளைச்சுட்டாங்க. மைசூர்க்காரங்க விட்ட ராக்கெட்டுகள், நாலாபக்கமும் பீரங்கி. நடுவுல கம்பெனியோட வெடிமருந்து வண்டி வெடிச்சுது. அதோட முடிஞ்சுது. மிஞ்சினவங்க கைதி. மன்றோ அவ்வளவு பக்கத்துல இருந்தும் போய்ச் சேரலை. காஞ்சிபுரம் பெரிய கோயில் குளத்துல கனமான பீரங்கிகளைத் தள்ளிட்டு சென்னைக்கு ஓட்டம்.

ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவர்ல இந்தச் சண்டையைப் பெருசா வரைஞ்சு வெச்சிருக்காங்க. டூர் போனவங்க பார்த்திருப்பீங்க. அமெரிக்காவுல நாசா மையம் ஒண்ணுல திப்பு படையோட ராக்கெட் படம் மாட்டியிருந்ததைப் பார்த்ததா அப்துல் கலாமும் 'அக்னிச் சிறகுகள்'ல எழுதியிருக்கார். நமக்கு நெஞ்சு நிமிரும். எனக்கும்தான் நிமிர்ந்தது.

ஆனா ஒரு விஷயம் இடறுது. பெய்லி படையில பெரும்பாலானவங்க வெள்ளைக்காரங்க இல்லை. நம்ம ஊர் சிப்பாய்ங்க. கம்பெனி சம்பளத்துக்குப் போன ஆட்கள். எதிர்ப்படையிலயும் நம்ம ஆட்கள்தான். அடுத்த வருஷம், 1781 ஆகஸ்டுல, அதே புள்ளலூர்ல இன்னொரு சண்டை நடந்தது. அதுல செத்த ரெண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அங்கே உயரமான நினைவுத் தூண்கள் இருக்கு. பேர் வெட்டி வெச்சிருக்காங்க. சிப்பாய்களுக்குத் தூணும் இல்லை, பேரும் இல்லை.

சோறும் மாடும்

நவம்பர் தொடக்கத்துல ஆற்காடு ஐதர்கிட்ட விழுந்தது. கல்கத்தாவுல இருந்து கிழட்டு சிங்கம் ஐயர் கூட்டை அனுப்பினாங்க. (ஐயர்னதும் மயிலாப்பூர்னு நினைச்சுடாதீங்க, அவர் பேரே அதுதான்.) 1781 ஜூலை 1 பரங்கிப்பேட்டை, ஆகஸ்டு 27 புள்ளலூர், செப்டம்பர் 27 சோளிங்கர். இதுல பரங்கிப்பேட்டையிலயும் சோளிங்கர்லயும் கூட்டுக்குத் தெளிவான வெற்றி.

அப்ப ஏன் சண்டை முடியலை? ஏன்னா ஜெயிச்ச படைக்குச் சோறு இல்லை. துரத்திக்கிட்டுப் போக மாடு இல்லை. ஒவ்வொரு வெற்றிக்கு அப்புறமும் அரிசி தீர்ந்து போச்சுன்னு திரும்பி வர வேண்டியிருந்தது. ஐதர் கணக்கு அதுதான். கம்பெனியைச் சண்டையில ஜெயிக்கறதைவிட பட்டினி போடறது சுலபம்னு அவருக்குத் தெரியும். சென்னையைச் சுத்தி ஒரு வட்டம், வேலூரைச் சுத்தி ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள்ள ஊர்களைக் கொளுத்தி, பயிரை அழிச்சு, ஆடு மாடு மனுஷங்க எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லி உத்தரவு. வேலூர்க் கோட்டைக்குள்ள அடைபட்டுக் கிடந்த கம்பெனிப் படைக்கு அரிசி கொண்டு போய்ச் சேர்க்கறதே கூட்டுக்கு ஒரு தனி யுத்தமா ஆச்சு. 1781 நவம்பர்லயும் 1782 ஜனவரியிலயும் அதுக்காகவே படை கிளம்பிப் போச்சு.

ஐதரை வீரன்னு கொண்டாடறவங்களும் சரி, கொடுங்கோலன்னு திட்டறவங்களும் சரி, இந்த இடத்துல கொஞ்சம் நிதானிக்கணும். ராணுவக் கணக்குப்படி அது சரியான யோசனை. ஆனா அந்த வட்டத்துக்குள்ள இருந்த குடியானவனுக்கு மாஹி எங்கே இருக்குன்னு தெரியுமா? நவாப் கடன் எவ்வளவுன்னு தெரியுமா?

மறுபடியும் ஆரணி

1782-ல பிரெஞ்சுக் கப்பற்படை சுஃப்ரென் தலைமையில வந்து சேர்ந்தது. ஏப்ரல்ல கடலூர் பிரெஞ்சு, மைசூர் கைக்குப் போச்சு. ஐதரோட உணவு, தளவாடக் கிடங்கு ஆரணிக் கோட்டையில இருந்தது. அதைக் குறி வெச்சு கூட் கிளம்பினார். ஐதர் திப்புவையும் லாலிங்கற பிரெஞ்சுக்காரரையும் முன்னாடி அனுப்பி கோட்டையைக் காப்பாத்தச் சொல்லிட்டு, தான் பின்னாடி வந்து கூட் படையோட வாலைப் பிடிச்சார். ஜூன் 2-ஆம் தேதி நாள் முழுக்கச் சண்டை. கம்பெனிக்கு ஒரு பீரங்கியும் சில வெடிமருந்து வண்டியும் கிடைச்சுது. கோட்டை கிடைக்கலை. பட்டுச் சேலைக்குப் பேர் போன ஆரணியில, கமண்டல நாகநதிக் கரையில, இப்படி ஒரு நாள் இருந்ததுன்னு அங்கே பொண்ணெடுத்த எனக்கே ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது.

இதே சமயம் அமெரிக்காவுல ஒரு தமாஷ். பென்சில்வேனியாக்காரங்க ஒரு போர்க்கப்பலுக்கு 'ஐதர் அலி'ன்னு பேர் வெச்சிருந்தாங்க! 1782 ஏப்ரல் 8-ஆம் தேதி டெலவேர் விரிகுடாவுல அந்தக் கப்பல் 'ஜெனரல் மங்க்'ங்கற பிரிட்டிஷ் கப்பலைப் பிடிச்சுது. நம்ம ஊர்ல ஐதர் பேர் ஓட்டை வண்டிக்கு, அங்கே போர்க்கப்பலுக்கு. அவங்களுக்கு இது ஒரே சண்டைன்னு தெரிஞ்சிருக்கு. நம்ம பாடப் புத்தகத்துலதான் அமெரிக்கச் சுதந்திரப் போர் தனிப் பாடம், ரெண்டாம் மைசூர்ப் போர் தனிப் பாடம்.

1782 டிசம்பர் 7-ஆம் தேதி சித்தூர்ப் பக்கத்துல நரசிங்கராயன்பேட்டை முகாம்ல ஐதர் இறந்தார். திப்பு மேற்குக் கரையில இருந்து ஓடி வந்து பொறுப்பேத்துக்கிட்டார். அடுத்த ஏப்ரல்ல சென்னையில கூட்டும் போய்ச் சேர்ந்தார்.

முடிஞ்சு போன சண்டை

எனக்கு இந்தக் கதையிலயே மனசு ஆறாத இடம் கடலூர்.

1783 ஜனவரி 20-ஆம் தேதியே இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பாவுல சமாதான முன்வரைவுல கையெழுத்துப் போட்டாச்சு. சண்டை முடிஞ்சாச்சு. ஆனா சேதி கப்பல்ல வரணுமே. ஜூன் 13-ஆம் தேதி கடலூர்ல பிரெஞ்சு அரண்கள் மேல கம்பெனிப் படை மோதினது. ஆங்கிலேயர் பக்கத்துல மட்டும் செத்தவங்களும் காயம்பட்டவங்களும் ஆயிரத்துக்கு மேல. ஜூன் 20 கடல்ல கப்பற்படைச் சண்டை. ஜூன் 25 மறுபடி கோட்டைக்கு வெளியே. அப்புறம் ஜூன் கடைசியிலதான் சமாதானச் சேதியோட கப்பல் வந்தது. துப்பாக்கியைக் கீழே போட்டுட்டாங்க. அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே முடிஞ்ச சண்டைக்காகச் செத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?

திப்பு தனியா நின்னார். 1784 மார்ச் 11-ஆம் தேதி மங்களூர் உடன்படிக்கை. பிடிச்சதை எல்லாம் அவங்கவங்க திருப்பிக் கொடுத்துடணும், கைதிகளை விட்டுடணும். அவ்வளவுதான். ஒரு சின்ன உள்ளூர் விஷயம்: ஆற்காட்டுச் சீமையை விட்டுப் போகும்போது ஆம்பூர்கட், சாத்கர் ரெண்டு கோட்டையை மட்டும் திப்பு உடனே விட வேண்டியதில்லைன்னு அதுல எழுதினாங்க. பதிலுக்குக் கண்ணனூர் கம்பெனிகிட்ட. நம்ம ஆம்பூரை அடகு வெச்ச மாதிரி!

பாண்டிச்சேரி, மாஹி எல்லாம் பிரெஞ்சுக்காரங்களுக்கே திரும்பப் போச்சு. அதாவது எந்த மாஹிக்காக ஐதர் கோபப்பட்டாரோ, அது பழைய இடத்துக்கே வந்துடுச்சு.

கஞ்சித்தொட்டி

பழைய இடத்துக்கு வராதது ஜனங்கதான்.

அழிஞ்ச வயல்ல விதைக்க ஆளில்லை, உழ மாடில்லை. ஊரை விட்டு ஓடினவங்க சென்னைக் கோட்டையைச் சுத்திக் குவிஞ்சாங்க. அரிசி கடல் வழியாத்தான் வரணும். கடல்ல சுஃப்ரென் சுத்திக்கிட்டு இருந்தார். 1782 அக்டோபர் புயல்ல சென்னைக் கடலோரம் நின்ன அரிசிக் கப்பல்களும் மூழ்கினது. பஞ்சத்துல தெருத் தெருவா ஜனங்க விழுந்தாங்க.

அந்தப் பஞ்சத்துல கஞ்சி ஊத்த ஆரம்பிச்ச இடம்தான் ராயபுரம் பக்கத்து மணியக்காரர் சத்திரம். 1782-ல ஆரம்பிச்சது. அதுல இருந்து ஒரு ஆஸ்பத்திரி வளர்ந்தது. அதுதான் பின்னாடி ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைக்காரங்க அதை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. பஞ்சம் முடிஞ்சு இரண்டரை நூற்றாண்டு ஆகப் போகுது. பேர் மட்டும் இன்னும் பசியோட இருக்கு.

சண்டைக்கு அப்புறம் என்ன ஆச்சு? 1781 அக்டோபர்ல அமெரிக்காவுல யார்க்டவுன்ல சரணடைஞ்ச அதே காரன்வாலிஸ் 1786-ல இங்கே கவர்னர் ஜெனரலா வந்தார். அங்கே விட்டதை இங்கே பிடிச்சார்னு சொல்லலாம். 1792-ல திப்புகிட்ட இருந்து பாதி ராஜ்ஜியம் வாங்கினபோது பாராமகாலும் கம்பெனிக்குப் போச்சு. ஜவ்வாது மலையோட மேற்கு அடிவாரமும் அதோட சேர்த்தி. 1801-ல நவாப் சீமையையும் எடுத்துக்கிட்டாங்க. கிழக்கு அடிவாரமும் முடிஞ்சுது. 1780-ல சின்ன ராணுவப் பையனா சென்னையில இறங்கி இந்தச் சண்டையை நேர்ல பார்த்த தாமஸ் மன்றோ, 1792-க்கு அப்புறம் பாராமகால்ல கேப்டன் ரீட் கீழே நிலம் அளந்து வரி போட்டார். ரயத்துவாரி முறை அங்கே உருவானதுதான். நம்ம வீட்டுப் பெட்டியில இருக்கிற பட்டாவோட தாத்தா அது.

பெரியவருக்குப் பதில்

யாரு ஜெயிச்சா?

அமெரிக்கா ஜெயிச்சுது. 1783 செப்டம்பர்ல பாரிஸ்ல எழுதி வாங்கிட்டாங்க. பிரான்ஸ் ஜெயிச்சும் கடன்ல முழுகி, ஆறு வருஷத்துல புரட்சியில மாட்டிக்கிச்சு. இங்கே நாலு வருஷம் அடிச்சிக்கிட்ட ரெண்டு பேருமே ஆரம்பிச்ச கோட்டுலயே வந்து நின்னாங்க. யாருக்கும் ஒரு காணி நிலம் கூடுதலாக் கிடைக்கலை. செங்கம், போளூர், ஆரணி, வேலூர் ஜனங்க தோத்தாங்க. அவங்க சண்டையிலயே இல்லை, ஆனா தோத்தாங்க.

அவங்க பேரன் பேத்தி நாம. நம்மகிட்ட மிச்சம் இருக்கிறது 'ஐதர் காலத்து'ங்கற ஒரே ஒரு கேலி வார்த்தை. எவ்வளவு பெரிய அழிவு நடந்திருந்தா ஒரு மனுஷன் பேரே காலத்துக்கு எல்லைக்கல்லா நின்னிருக்கும்னு எனக்குத் தோணுது. தாத்தா பாட்டிங்க அதுக்கு முன்னாடி, அதுக்குப் பின்னாடின்னு பேசியிருப்பாங்க. நாம சிரிக்க மட்டும் கத்துக்கிட்டோம்.

அடுத்த தடவை ஜவ்வாது மலை போனா காவலூர் தொலைநோக்கியும் பீமன் அருவியும் பாருங்க, தேனும் சீதாப்பழமும் வாங்குங்க. அப்படியே செங்கம் பக்க வளைவுல ரெண்டு நிமிஷம் வண்டியை நிறுத்திக் கீழே பாருங்க. இப்ப அங்கே நெல்லும் கடலையும் விளையுது. அதைப் பார்த்தாலே எனக்கு நிம்மதியா இருக்கு.

டிஸ்கி: வண்டி பத்திரமா வீடு வந்து சேர்ந்தது. விக்கற எண்ணம் இல்லை. உங்க ஊர்ப் பக்கம் ஐதர் பேர்ல மேடு, குளம், பாட்டி சொன்ன கதைன்னு ஏதாவது இருந்தா எழுதுங்க. அந்தச் சாமை மூட்டைப் பெரியவரை யாராவது பார்த்தா, அவர் கேள்விக்குப் பதில் கிடைச்சுடுச்சுன்னு சொல்லிடுங்க.